கவாத்துக் கத்தியோட சாரணர் ஆனவன் சொல்றேன்

கேட்டவங்க குன்னூர்ல இருக்கற ஒரு அம்மா. பையன் ஆறாவது போறானாம், ஸ்கூல்ல ஸ்கவுட் இருக்காம், சேரணும்னு அடம் பிடிக்கறானாம். வீட்டுக்காரர் "அதெல்லாம் விஐபி வந்தா வெயில்ல நிக்க வைக்கறதுக்கு ஆள் பிடிக்கற வேலை, ட்யூஷனுக்கு அனுப்பு"ங்கறாராம். சின்ன வயசுல இருந்து இதுல இருந்தவங்க யாராவது உண்மையச் சொல்லுங்க, சர்டிபிகேட் பின்னாடி வேலைக்கு உதவுமா, கேம்புக்கு நம்பி அனுப்பலாமான்னு கேட்டிருக்காங்க.

நான் 11 வயசுல சேர்ந்தேன், இப்ப 54. நடுவுல காலேஜு, வேலை தேடி அலைஞ்சதுன்னு ஏழெட்டு வருஷம் விட்டுப்போச்சு, மத்தபடி ஸ்கார்ஃப் கட்டாத வருஷம் கிடையாது. சாரணனா இருந்தேன், அணித் தலைவனா இருந்தேன், இப்ப கோத்தகிரி பக்கம் ஒரு ஸ்கூல்ல வாத்தியார், கூடவே ஸ்கவுட் மாஸ்டர். அதனால பாதி உரிமையோடயும் பாதி குத்த உணர்ச்சியோடயும் எழுதறேன், ஏன் குத்த உணர்ச்சின்னு போகப் போகத் தெரியும்.

முதல்ல உங்க வீட்டுக்காரருக்கு: அண்ணே, நீங்க சொல்றது பாதி சரிதான். ஆனாலும் சேர்த்து விடுங்க. மீதிக் கதைய கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

எங்க அப்பா அம்மா சிலோன்ல இருந்து கப்பல்ல வந்தவங்க. சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 1964-ல போட்டாங்கல்ல, அதுல தாயகம் திரும்பினவங்க கூட்டத்துல நாங்களும். வந்தப்போ எனக்கு நாலு வயசு. டான்டீன்னு அரசாங்கத் தேயிலைத் தோட்டக் கழகம், அங்க வேலை, தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின லைன் வீடு. 1982-ல நான் ஆறாவது சேர்ந்த ஸ்கூல்ல சாரணர் படை இருந்துச்சு, அத நடத்துனவரு நெசவு சார். அப்ப கைத்தொழில்னு ஒரு பீரியட் இருக்கும், அதுக்குத்தான் அவரு. ஒரு நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் "நாளைக்கு எல்லாரும் வந்துருங்கடா, கவாத்து இருக்கு"ன்னு சொன்னாரு. நான் வீட்ல போயி அப்படியே சொன்னேன். எங்க லைன்ல கவாத்துன்னா ஒரே அர்த்தம்தாங்க, நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ தேயிலைச் செடிய முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடறது. அப்பா பெருமையா "ஸ்கூல்ல தோட்டம் போடறாங்க போலருக்கு"ன்னு சொல்லிட்டு, ராத்திரி கல்லுல தண்ணி ஊத்தித் தேய்ச்சு அவரோட வளைஞ்ச கவாத்துக் கத்திய சாக்குல சுத்திக் கொடுத்து அனுப்பினாரு. மறுநாள் கிரவுண்டுல எல்லாரும் லெஃப்ட் ரைட் போட நிக்கறான், நான் கத்தியோட நிக்கறேன். போலீஸ் கவாத்துங்கற அர்த்தமே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். மொத்த ட்ரூப்பும் சிரிச்சுது. டவுன் பசங்க ரொம்ப நாளைக்கு என்னை "கவாத்து"ன்னுதான் கூப்பிட்டானுங்க.

சார் சிரிக்கல. கத்திய வாங்கிப் பாத்துட்டு, கூர் நல்லா இருக்கே யாரு தீட்டினதுன்னு கேட்டாரு, அவ்ளோதான், உள்ள வெச்சுட்டு வாடான்னாரு.

அந்த ஆளுகிட்ட முடிச்சு கத்துக்கிட்டதப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா நான் இத்தனை வருஷத்துல பாத்த நல்ல பாடங்கள்ல அது ஒண்ணு. ஷீட் பெண்ட்னு ஒரு முடிச்சு இருக்கு, கனமான கயிறையும் மெல்லிசான கயிறையும் சேர்த்துக் கட்டறதுக்கு. ரீஃப் நாட் போட்டா வழுக்கிட்டு வந்துரும், ஷீட் பெண்ட் வராது. புக்கு பாத்து போட்டா எங்க யாருக்கும் வரல, அந்தப் படம் இன்னைக்குப் பாத்தாலும் எனக்குக் குழப்பம்தான். சார் எங்களைத் தறி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு பாவு நூல வேணும்னே அத்து விட்டாரு. அறுந்த ரெண்டு முனையையும் கட்டைவிரல்ல வெச்சு, ஒண்ண ஒண்ணு மேல போட்டு, ஒரு சுத்து, ஒரு இழு, முடிஞ்சுது, கண்ணு சிமிட்டற நேரம். திரும்ப மெதுவா பண்ணாரு. அப்பறம் அதே கைவாக்கில கம்பளிக் கயித்துலயும் சணல்லயும் பண்ணிக் காட்டினாரு. நெசவுக்காரங்க நூல் அறுந்தா போடற முடிச்சும் ஷீட் பெண்டும் ஒண்ணுதான், போடற விதம்தான் வேற. "வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சான்னு நினைக்காதீங்கடா, எங்க பாட்டி போட்ட முடிச்சு இது"ன்னாரு. எனக்கு இப்பவும் விரல் தறி ரூம் மாதிரிதான் போடும்.

சரி, இயக்கத்தைப் பத்தி சுருக்கமா, தெரியாதவங்களுக்காக. பேடன் பவல்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, தென்னாப்பிரிக்கால மஃபெகிங் முற்றுகைல 217 நாள் மாட்டிக்கிட்டப்போ, ஊர்ல இருந்த பொடிப்பசங்க சேதி கொண்டு போறது, காவல் நிக்கறதுன்னு பொறுப்பா வேலை செஞ்சதப் பாத்திருக்காரு. 1907 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல பிரவுன்ஸீங்கற ஒரு தீவுல ஒரு 20 பசங்கள வெச்சு சோதனையா ஒரு கேம்ப் போட்டாரு. அதுல பணக்கார ஸ்கூல் பசங்களும் இருந்தாங்க, கூலிவேலை பாக்கற வீட்டுப் பசங்களும் இருந்தாங்க, ரெண்டு வகையையும் கலந்துதான் நாலு அணியா பிரிச்சாரு. இந்தியாவுக்கு 1909-லயே வந்துருச்சு, பெங்களூர்லதான் முதல்ல. ஆனா ஆரம்பத்துல நம்ம ஊரு பிள்ளைங்கள சேர்க்கல, வெள்ளைக்காரப் பிள்ளைங்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைங்களுக்கும்தான். அதுக்கு எதிரா அன்னி பெசன்ட் அம்மா மெட்ராஸ்ல இந்தியப் பசங்களுக்குன்னு தனியா ஆரம்பிச்சாங்க, வடக்க மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு இவங்கல்லாம் சேவா சமிதி பேர்ல பண்ணாங்க. இப்படி பல துண்டா இருந்ததெல்லாம் சுதந்திரத்துக்கப்பறம் 1950 நவம்பர் 7 அன்னைக்கு ஒண்ணா சேர்ந்துதான் பாரத சாரணர் இயக்கம், மறுவருஷம் சாரணியரும் வந்து சேர்ந்தாங்க. அதனாலதான் நவம்பர் 7-க்கு உங்க பையன் ஸ்டிக்கர் கொண்டு வந்து காசு கேப்பான், கொடுத்துருங்க.

அந்த நாலு அணி விஷயத்துக்கு வரேன். என்னைக் கேட்டா ஸ்கவுட்னா அதுதான். சல்யூட்டு, ஸ்கார்ஃப், அதுக்கு மாட்டற வாகில் வளையம், இடது கையால கைகுலுக்கறது, ஹிந்தி ப்ரேயர், கிளாப்பு, யெல்லு எல்லாம் இருக்கட்டும், நல்லா இருக்கும், பசங்களுக்குப் பிடிக்கும். ஆனா ஏழெட்டு பிள்ளைங்க ஒரு அணி, அதுக்கு அவங்கள்ல ஒருத்தன் தலைவன், அவன் வயசு பதிமூணோ பதினாலோ, அந்த ஏழு பேரு சாப்பிட்டானா, கூடாரம் ஒழுகுதா, எவன் அழுதுட்டு இருக்கான்ங்கறது அவன் பொறுப்பு, ஸ்கவுட் மாஸ்டர் பொறுப்பு இல்ல. இதுதான் இயக்கம். மத்ததெல்லாம் அதச் சுத்தி இருக்கற அலங்காரம்.

எனக்கு அது எப்ப புரிஞ்சுதுன்னா (அப்பவே புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன், அப்ப பசிதான் தெரிஞ்சுது), ஏழாவது படிக்கறப்போ ஒரு கேம்ப்ல. ஐப்பசி மாசம், கோத்தகிரி மழை எப்படின்னு உங்களுக்குத் தெரியும், பெய்யவும் பெய்யாது நிக்கவும் நிக்காது, மேகம் இறங்கி ஆளு மேலயே உக்காந்துரும். அணிக்கு ரெண்டே ரெண்டு தீக்குச்சி, அடுப்பு பத்த வெச்சு சோறு பொங்கணும், அதுதான் டெஸ்ட்டு. எங்க அணித் தலைவன் ஒம்பதாவது படிக்கற ஒரு அண்ணன், டவுன்ல கடைக்காரர் வீட்டுப் பையன், நல்லா முடிச்சு போடுவான், அடுப்பு ஊதினதே கிடையாது. முதல் குச்சி வீணாப் போச்சு. எல்லா விறகும் ஈரம். பக்கத்து அணி ஏற்கெனவே ரெண்டையும் கிழிச்சுட்டு பிஸ்கட் தின்னுட்டு இருந்தானுங்க.

அந்த அண்ணன் என்ன பண்ணான்னா, திரும்பி எங்க ஏழு பேரையும் பாத்து, "யாரு வீட்ல விறகடுப்பு?"ன்னு கேட்டான். நான் கை தூக்கினேன். "அப்ப நீ பாத்துக்கோ, நாங்க என்ன பண்ணணும்னு சொல்லு"ன்னுட்டு ஒதுங்கி நின்னான். எனக்கு பன்னெண்டு வயசு, லைன் பையன், அதுவரைக்கும் அந்த ஸ்கூல்ல என்கிட்ட யாரும் எதையும் சொல்லுன்னு கேட்டதில்ல.

வீட்ல மழை நாள்ல எங்கம்மா எப்படி பத்த வைப்பாங்களோ அப்படித்தான் பண்ணேன், புதுசா ஒண்ணும் இல்ல. கற்பூரமரத்துப் பட்டை, யூகலிப்டஸத்தான் சொல்றேன், உரிஞ்சு தொங்கும் பாருங்க, தரைல கிடக்கறத விட்டுட்டு மரத்துலயே தொங்கிட்டு இருக்கற சுருள எடுத்துட்டு வரச் சொன்னேன், சுருளுக்கு உள்பக்கம் காஞ்சு இருக்கும், எண்ணெய்ப்பசை வேற. அப்பறம் சீகை விறகு ஒண்ண எடுத்து வெளிப்பக்க ஈரத்த முழுசா சீவித் தள்ளிட்டு, உள்ள காஞ்ச வயிரத்த மட்டும் மெல்லிசா செதுக்கினேன், எதுல? அதே கவாத்துக் கத்தில. கேம்புக்கு கத்தி கொண்டு வரலாம்னு சொன்னதும் அப்பா மறுபடி தீட்டித்தான் கொடுத்திருந்தாரு. ரெண்டு பேர ஸ்கார்ஃப விரிச்சு மறைச்சுப் பிடிச்சுக்கச் சொன்னேன், காத்து அடிக்காம. ரெண்டாவது குச்சி பிடிச்சுது.

சோறு நறுக்கு நறுக்குன்னுதான் இருந்துச்சு, அது வேற கதை. கவாத்துங்கற பட்டப்பேரு மட்டும் அப்படியே இருந்துச்சு, ஆனா கூப்பிடற தொனி மாறிப்போச்சு.

நான் ஒம்பதாவதுல அணித் தலைவன் ஆனேன். ராஜ்ய புரஸ்கார் வரைக்கும் போனேன், ராஷ்டிரபதி விருதுக்கு முன்னாடி வீட்டு நிலைமை விடல. (இங்க வரிசைய சொல்லிடறேன். உள்ள வந்ததும் பிரவேஷ், அப்பறம் பிரதம், த்விதீய, திரிதீய சோபான், அதுக்கப்பறம் ராஜ்ய புரஸ்கார் மாநில அளவு, அதுக்கு மேல ராஷ்டிரபதி. ஆறாவது பையன்னா 10 வயசு தாண்டியிருப்பான், நேரா சாரணர்ல சேரலாம். அதுக்குக் கீழ சின்னப் பிள்ளைங்களுக்கு குருளையர் படை, அவங்க லீடர அகேலான்னு கூப்பிடுவாங்க. பெருசானா 25 வயசு வரைக்கும் திரிசாரணர். பொண்ணு இருந்தா சாரணியர்ல தனிப் படை, லேடி டீச்சர்தான் கேப்டனா இருக்கணும்.)

இப்ப குத்த உணர்ச்சிக்கு வருவோம்.

1996-ல வாத்தியார் வேலை கிடைச்சுது. சேர்ந்த வாரமே "உனக்கு ஸ்கவுட் தெரியுமாமே, எடுத்துக்கோ"ன்னு தலைல கட்டிட்டாங்க, எனக்கும் சந்தோஷம்தான். பேசிக் கோர்ஸ் போனேன், அட்வான்ஸ்டு போனேன். அந்த ட்ரெய்னிங் கேம்ப் ஒரு தமாஷு, அதையும் சொல்லிடறேன். நரைச்ச தலை வாத்தியாருங்க, அதுல ஒருத்தரு ஹெட்மாஸ்டர், எல்லாரையும் பசங்க மாதிரியே அணியா பிரிச்சு, விசில் அடிச்சா ஓடணும், பாத்திரம் கழுவணும், ராத்திரி கேம்ப் ஃபயர்ல ஆடணும். அந்த ஹெட்மாஸ்டர் மூணு நாளா முறைச்சுட்டே இருந்தாரு, நாலாவது நாள் கரி பிடிச்ச அண்டாவ மண்ணு போட்டுத் தேய்ச்சுட்டு இருந்தவரு திடீர்னு, நான் ஸ்கூல்ல பசங்கள எப்படி விரட்டறேன்னு இப்பத்தான் தெரியுதுய்யான்னாரு. கடைசில ஹிமாலயா உட் பேட்ஜ், எச்.டபிள்யூ.பி-ன்னு சொல்வாங்க, அதுவும் வாங்கினேன். தோல் கயித்துல ரெண்டு மரமணி கோத்திருக்கும். 1919-ல லண்டன் பக்கம் கில்வெல்ல முதல் முதல்ல லீடருங்களுக்கு ட்ரெய்னிங் கொடுத்தப்போ ஒரு ஜூலு அரசரோட மாலைல இருந்த மணிங்கள எடுத்துக் கொடுத்திருக்காங்க, அந்த வழக்கம்தான் உலகம் முழுக்க. நம்ம ஊர்ல அதப் போட்டுட்டு கார்த்திகை மாசம் பஸ் ஏறினா "சாமி உள்ள போங்க சாமி"ம்பாங்க. நானும் பல தடவ சாமியாவே போய் உக்காந்திருக்கேன்.

இவ்ளோ படிச்சும் நான் என்ன பண்ணேன்? எல்லாத்தையும் நானே பண்ணேன். எங்க ஸ்கூல்ல இருந்து வருஷத்துக்கு இத்தனை ராஜ்ய புரஸ்கார்னு ஒரு வெறி. கூடாரம் நான் கட்டுவேன் பசங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க, சமையல் மெனு நான் போடுவேன், கேம்ப்ல நடந்தத எழுதற லாக் புக்க நானே சொல்லச் சொல்ல அவனுங்க எழுதுவானுங்க, அதுவும் எட்டு பேரோட லாக்லயும் ஒரே வாக்கியம். பி.எல்., அதாவது அணித் தலைவன், அந்தப் பசங்களுக்கு சட்டைப் பாக்கெட்டுல பட்டை இருக்கும், வேலை என்னன்னா அட்டெண்டன்ஸ் எடுக்கறது. ஒரு தடவ டெஸ்டிங் கேம்ப்ல என் பையன் ஒருத்தன் கையில கயித்தக் கொடுத்து போலைன் முடிச்சு போடுன்னாங்க, நிஜமாவே நல்ல பையன், முழிச்சுட்டு நின்னான். எக்ஸாமினர் அவன ஒண்ணும் சொல்லல. என்னைப் பாத்தாரு. அவ்ளோதான், பாத்தாரு.

அப்பவும் எனக்கு உறைக்கல. உறைச்சது 2009 நவம்பர்ல.

நம்ம மாவட்டத்துல அந்த மழைய மறந்தவங்க இருக்க மாட்டாங்க. நாங்க 7-ஆம் தேதி சனிக்கிழமை ஸ்தாபக நாள் கொண்டாடி முடிச்சு ரெண்டு நாள்கூட ஆகல. 9-ஆம் தேதி ராத்திரி அடிச்ச அடில குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கமெல்லாம் மண்ணு சரிஞ்சு, ரோடு போயி, ரயில் தண்டவாளம் அந்தரத்துல தொங்கி, 40-க்கும் மேல உயிர் போச்சு. எங்க ஸ்கூல்ல நிவாரண முகாம், பள்ளத்துல இருந்த வீடுங்கள்ல இருந்து ஜனங்களக் கொண்டு வந்து வகுப்புல தங்க வெச்சிருக்காங்க. நான் இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன். நடுவுல ரெண்டு இடத்துல ரோட்ட மண்ணு மூடியிருக்கு, போன் எடுக்கல. என் மனசுல ஓடினது என்னன்னா, ஐயோ நான் இல்லாம பசங்க ஒண்ணுமே பண்ண மாட்டானுங்களே, எல்லாம் என்கிட்டதானே இருக்கு, ஸ்டோர் ரூம் சாவி உட்பட.

மறுநாள் மத்தியானம் மண்ணு மேல ஏறி எஸ்டேட் வழியா நடந்து போய்ச் சேர்ந்தேன். போனா ஸ்டோர் ரூம் பூட்டு உடைஞ்சு கிடக்குது. கேட்டுகிட்ட ஒரு எட்டாவது பையன் நோட்டோட நிக்கறான், வர்றவங்க பேரு, எந்த ஊரு, வீட்ல எத்தனை பேரு, யாரக் காணோம்னு நாலு பத்தி கோடு போட்டு எழுதிட்டு இருக்கான். உள்ள வகுப்பு வகுப்பா பிரிச்சு கைக்குழந்தைக்காரங்கள எல்லாம் ஆபீஸ் பக்கத்து ரூம்ல வெச்சிருக்கானுங்க, ஏன்னா அங்கதான் ஓடு ஒழுகாது. கக்கூஸுக்குத் தண்ணி தூக்க முறை போட்டு சாக்பீஸ்ல போர்டுல எழுதி வெச்சிருக்கு. கஞ்சிக்கு வரிசை. எல்லாம் சுத்தி இருக்கற லைன்லயும் ஊர்லயும் இருக்கற பசங்க, ஒம்பது பேரு, வீடு நடந்து வர்ற தூரம். யாருடா சொன்னதுன்னு கேட்டா, யாரும் சொல்லல சார், பி.எல். ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம், பூட்டுக்கு மட்டும் மன்னிச்சுருங்க சார்ங்கறான்.

இன்னொண்ணும் பண்ணியிருந்தானுங்க, கொடிக்கம்பத்துக் கயித்த அவுத்து வராண்டா தூணுக்குத் தூண் கட்டி நனைஞ்ச கம்பளிய எல்லாம் காயப்போட்டிருந்தானுங்க. மேலதிகாரி ஒருத்தர் வந்து பாத்துட்டு, கொடிக்கயித்துல கம்பளியான்னு ஒரே சத்தம். நான் போயி அந்த முடிச்சப் பாத்தேன். க்ளோவ் ஹிட்ச். சரியா போட்டிருந்தான். எனக்கு சிரிப்பும் வந்துச்சு, தொண்டையும் அடைச்சுது. பதிமூணு வருஷமா நான் அவனுங்க கையில இருந்து எதையெல்லாம் பிடுங்கி வெச்சிருந்தேன்னு ஒரு நிமிஷத்துல கணக்கு தெரிஞ்சு போச்சு. ஒரு கடைக்காரர் வீட்டுப் பையன் பதினாலு வயசுல எனக்குப் பண்ணத, உட் பேட்ஜ் போட்ட நான் என் பசங்களுக்குப் பண்ணல.

அதுக்கப்பறம் மாத்திக்கிட்டேன். ஆனா அது சுலபம் இல்லீங்க, வாத்தியார் வாய் சும்மா இருக்காது. கேம்ப்ல ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள்ள ரெண்டு கையையும் விட்டுட்டு நிப்பேன், வெளிய எடுத்தா எதையாவது பிடிச்சு சரி பண்ணிடுவேன்னு. கூடாரம் கோணலா நிக்குது, ராத்திரி பனி உறையும், தெரியுது, சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வாயத் திறப்பேன். முதல் வருஷம் எங்க ராஜ்ய புரஸ்கார் எண்ணிக்கை பாதியாச்சு, மேல இருந்து கேள்வி வந்துச்சு. வந்துட்டுப் போகட்டும். பொதுப்படையா லாக் எழுதினா திருப்பிக் கொடுத்துருவேன், "இனிதே நிறைவுற்றது"ன்னு எழுதினவன் கால்ல கொப்புளம் வந்துச்சா இல்லையான்னு எழுதிட்டு வரணும்.

சரி, உங்க கேள்விங்க.

வெயில்ல நிக்க வைக்கறது: நடக்குது. மறுக்க மாட்டேன். விழாவுக்கு வரிசையா நிக்க யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க வேணும்னா முதல்ல ஸ்கவுட்டத்தான் கூப்பிடுவாங்க. ஆனா ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க. மே மாசம் கோத்தகிரி நேரு பார்க்ல காய்கறிக் கண்காட்சி, ஊட்டில மலர் கண்காட்சி, அந்தக் கூட்டத்துல தொலைஞ்சு போன குழந்தைய அம்மாகிட்ட சேர்க்கற வேலை கொடுத்தா அது நிஜ சேவை, பையன் கத்துக்கறான். மூணு மணி நேரம் பேப்பர் கொடிய பிடிச்சுட்டு சும்மா நிக்கறது சேவை இல்ல. நான் இப்ப கேட்டுடுவேன், பசங்களுக்கு அங்க என்ன வேலைன்னு. வேலை இல்லைன்னா அனுப்பறதில்ல.

வேலைக்கு உதவுமா: ரயில்வேல ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் கோட்டா இருக்கு, ராஷ்டிரபதி விருதோ எச்.டபிள்யூ.பி-யோ இருந்தாத்தான், கூடவே தொடர்ந்து இயக்கத்துல இருக்கணும், பெரிய கேம்ப்ல கலந்திருக்கணும். இடம் ரொம்பக் கம்மி. அத நம்பி சேர்க்காதீங்க, கிடைச்சா லாபம்.

நம்பி அனுப்பலாமா: கண்ண மூடிட்டு எங்கயும் அனுப்பாதீங்க, கோவிலுக்கே அனுப்பாதீங்க. கேளுங்க. கேம்ப்ல பெரியவங்க எத்தனை பேரு, ஒரே ஒரு வாத்தியார்னா வேண்டாம், ரெண்டு பேராவது இருக்கணும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோட தனியா ஒரு ரூம்ல இருக்கக் கூடாதுங்கறது எங்க வழக்கம், அவங்க வழக்கமும் அதானான்னு முகத்துக்கு நேரா கேளுங்க. நல்ல லீடர் கோவிச்சுக்க மாட்டாரு. பெற்றோர் சம்மதக் கடிதம், மருந்துப் பெட்டி, பக்கத்து ஆஸ்பத்திரி எதுன்னு தெரிஞ்சிருக்கறது இதெல்லாம் சாதாரணம். நம்ம மலைக்குன்னு இன்னொண்ணு: ஹைக்னா எந்த வழி, காட்டுக்குள்ளன்னா வனத்துறை அனுமதி வாங்கினாங்களா, எத்தனை மணிக்குத் திரும்பறாங்க. என் சின்ன வயசுல தேயிலைக்காட்டுல காட்டெருமைய இவ்ளோ பாத்ததில்ல, இப்ப பஸ் ஸ்டாப்லயே நிக்குது, கோத்தகிரில கரடி வேற. நாங்க நாலரைக்குள்ள ரோட்டுக்கு வந்துரணும்னு வெச்சிருக்கோம், அதுல மட்டும் அணித் தலைவன் பேச்சு எடுபடாது.

அப்பறம் எந்த சங்கம்னு கேட்டுக்கோங்க, சாரணர்ங்கற பேர்ல ஒண்ணுக்கு மேல இருக்கு. உலக சாரணர் அமைப்புல உறுப்பா இருக்கறது பாரத சாரண சாரணியர் இயக்கம். 2025 ஜனவரி கடைசில மணப்பாறைல வைர விழா ஜம்போரின்னு பெரிய கேம்ப் நடந்துச்சே, அது இவங்களோடதுதான். எங்க பசங்க போயிருந்தானுங்க, திரும்பி வந்து ஒரு மாசம் வெயிலப் பத்தியே பேசினானுங்க, ஸ்வெட்டர் போடாம ஒரு வாரம் தூங்கினது அவனுங்களுக்கு அதிசயம்.

இதெல்லாத்தையும் விட ஒரு கேள்வி இருக்கு, உங்க பையன் ஸ்கூல்ல போயி அதக் கேளுங்க. ஸ்கவுட் மாஸ்டர்கிட்ட கேக்காதீங்க, அணித் தலைவனா இருக்கற பையனக் கூப்பிட்டு, "போன கேம்ப்ல என்ன சமைக்கறதுன்னு யாரு முடிவு பண்ணாங்க?"ன்னு கேளுங்க. "சார்"னு சொன்னான்னா அங்க பழைய நான் மாதிரி ஒருத்தர் இருக்காருன்னு அர்த்தம், அப்பவும் சேர்க்கலாம், ஆனா எதிர்பார்ப்பக் கம்மி பண்ணிக்கோங்க. "நாங்கதான், ஆனா உப்பு ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு சொன்னான்னா அன்னைக்கே ஃபார்ம் வாங்கிடுங்க.

போன மாசம் ஒரு ஹைக். லாங்வுட் சோலைய ஒட்டின ரோட்டுல போயி வேற வழியா டவுனுக்குத் திரும்பணும், மேப் அணித் தலைவன் கையில, எட்டாவது படிக்கறான். ஒரு பிரிவுல இடது பக்கம் திரும்பணும், நேராப் போயிட்டான். நானும் இன்னொரு வாத்தியாரும் பின்னாடி கொஞ்சம் தள்ளி வரோம், பாக்கெட்டுக்குள்ள கை. அவருக்குப் பொறுக்கல, சொல்லிடலாமா சார்ங்கறாரு. ரோடு நல்ல ரோடு, மணி ரெண்டுதான் ஆகுது, விடுங்கன்னேன். முக்கால் மணி நேரம் போயி ஒரு டீ ஃபேக்டரி வாசல்ல முட்டிக்கிட்டு நின்னானுங்க. எட்டு பேரும் மேப்ப தரைல விரிச்சுப் போட்டு ஒருத்தன ஒருத்தன் திட்டிட்டு இருந்தானுங்க, அப்பறம் காம்பஸ எடுத்தான், அப்பறம் வெக்கத்த விட்டு உள்ள போயி அங்க இருந்த அண்ணன்கிட்ட வழி கேட்டான். அவரு பசங்களப் பாத்துட்டு ஆளுக்கொரு டம்ளர் டீ கொடுத்து, மினி பஸ் வர்ற நேரமும் சொல்லி அனுப்பினாரு. நாலு இருபதுக்கு டவுன்ல இருந்தோம்.

திங்கக்கிழமை லாக் வந்துச்சு. மொத்தம் ரெண்டே வரி. "மூன்றாவது பிரிவில் வழி தவறியது, தவறு என்னுடையது. டீ நன்றாக இருந்தது."

கொப்புளம் பத்தி எழுதலைன்னு திருப்பிக் கொடுத்திருக்கேன்.